பணம் போயிடுச்சு... ஆனா கரன்ட் பில் கட்டலையாம்! ஆப்பில் பில் கட்டும்போது நடுவில் என்ன நடக்கிறது? சிக்கினால் யார் பொறுப்பு?

ஒரு உதாரணம். கரன்ட் பில் கட்ட அன்றுதான் கடைசி நாள். இரவு 10 மணிக்கு ஞாபகம் வருகிறது. போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, 1,840 ரூபாய் கட்டியாச்சு. பச்சை டிக் வந்தது. அக்கவுன்டில் பணம் குறைந்ததாக வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்ஸும் வந்தது.

மூன்று நாள் கழித்து வாசலில் ஈபி ஊழியர் நிற்கிறார். "பில் கட்டலையே சார், கனெக்‌ஷன் கட் பண்ணச் சொல்லி லிஸ்ட்ல வந்திருக்கு" என்கிறார். "கட்டிட்டேங்க, இதோ பாருங்க" என்று போனைக் காட்டினால், "உங்க போன்ல இருக்கு, எங்க சிஸ்டத்துல இல்லையே" என்று பதில் வருகிறது.

ஆப்பில் கேட்டால் "வங்கியைக் கேளுங்க". வங்கியில் கேட்டால் "எங்ககிட்டருந்து பணம் போயிடுச்சு, ஆப்பைக் கேளுங்க". ஈபி ஆபீஸில் கேட்டால் "எங்களுக்கு வரல". மூன்று பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். அதுதான் இந்தப் பிரச்னையின் மையம்.

பணம் எங்கே நிற்கிறது, எத்தனை நாளில் திரும்ப வரும், அதற்குள் அபராதமோ மின்துண்டிப்போ வந்தால் யார் பொறுப்பு? விரிவாகப் பார்க்கலாம்.

நாம் அழுத்துவது ஒரு பட்டன்... பின்னால் எத்தனை கை?

ஆப்பில் 'பே' என்று அழுத்தியதும் பணம் நேராக மின்வாரியத்துக்குப் போய்விடுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நடப்பது இரண்டு தனித்தனி வேலைகள்.

முதல் வேலை, பணம் நகர்வது. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகப் பணம் எடுக்கப்பட்டு, பில் கட்டும் சேவையைத் தரும் நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறது. வங்கி அல்லாத நிறுவனமாக இருந்தால், இந்தப் பணத்தை 'எஸ்க்ரோ' எனப்படும் தனிக் கணக்கில்தான் வைத்திருக்க வேண்டும். சொந்தச் செலவுக்கு அதைத் தொடக் கூடாது.

இரண்டாவது வேலை, தகவல் நகர்வது. "இந்த மின் இணைப்பு எண்ணுக்கு 1,840 ரூபாய் கட்டியாச்சு" என்ற செய்தி ஆப் பக்க நிறுவனத்திலிருந்து நடுவில் இருக்கும் மத்திய அமைப்புக்குப் போகும். அங்கிருந்து மின்வாரியத்தின் பக்கம் இருக்கும் இன்னொரு நிறுவனத்துக்குப் போகும். கடைசியாக வாரியத்தின் சர்வரில் பதிவாகும்.

எண்ணிப் பார்த்தால் உங்கள் வங்கி, யுபிஐ, ஆப் பக்க நிறுவனம், மத்திய அமைப்பு, வாரியம் பக்க நிறுவனம், வாரியத்தின் சர்வர் என ஆறு இடங்களைத் தாண்ட வேண்டும். பெரும்பாலான நேரம் இது சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் ஆறில் எந்த ஒரு இடத்தில் தடங்கல் வந்தாலும், முந்தைய இடம் "நான் அனுப்பிட்டேன்" என்றும், அடுத்த இடம் "எனக்கு வரல" என்றும் சொல்லும்.

'சக்சஸ்' என்றால் எது சக்சஸ்?

அதனால் திரையில் வரும் செய்தியை ஒருமுறைக்கு இருமுறை படிப்பது முக்கியம். பொதுவாக மூன்று நிலைமைகள் வரும்.

1. 'தோல்வி' என்று வந்து, பணமும் போகவில்லை. இதில் கவலை இல்லை. மறுபடி கட்டலாம்.

2. 'நிலுவை' அல்லது 'பிராசஸிங்' என்று வந்து, பணம் போய்விட்டது. இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். பதறிப்போய் உடனே இரண்டாவது முறை கட்டிவிடுகிறார்கள். பிறகு முதல் பேமென்ட்டும் ஏறிவிடும்.

3. 'பேமென்ட் வெற்றி' என்று வந்துவிட்டது, ஆனால் பில் இன்னும் வாரியத்தின் கணக்கில் ஏறவில்லை. முதல் வேலை முடிந்து, இரண்டாவது வேலை முடியாத நிலை இது. பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு நாம் போனை மூடிவிடுவதால், இந்த நிலை நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

பில் கட்டி முடித்த பிறகும் "உங்கள் பில் நிலுவையில் உள்ளது" என்று ஆப் நினைவூட்டுவதும் இந்தக் குழப்பத்தில் சேரும். சில பில் நிறுவனங்கள் நாம் கேட்கும் நொடியிலேயே தங்கள் சர்வரிலிருந்து பில்லை எடுத்துக் கொடுக்கும். இன்னும் சில நிறுவனங்கள் அவ்வப்போது மொத்தமாகப் பட்டியலை ஏற்றிவைக்கும். இரண்டாவது வகையில், அடுத்த பட்டியல் வரும்வரை ஆப்பில் பழைய தகவலே நிற்கும். எஸ்எம்எஸ்ஸைப் படித்து நினைவூட்டும் ஆப்களிலும் இதே கதைதான். பில் வந்த எஸ்எம்எஸ்ஸை அது படித்திருக்கும். நீங்கள் கவுன்டரில் போய்க் கட்டியது அதற்குத் தெரியாது.

'பாரத் கனெக்ட்' என்றால் என்ன?

நடுவில் இருக்கும் மத்திய அமைப்பு என்று மேலே சொன்னோமே, அதன் பெயர்தான் பாரத் பில் பேமென்ட் சிஸ்டம். சுருக்கமாக பிபிபிஎஸ். ரிசர்வ் வங்கி 2014-ல் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2016 ஆகஸ்டில் சோதனை முறையில் தொடங்கியது. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ-யின் துணை நிறுவனம்தான் இப்போது இதையும் நடத்துகிறது. 2024-ல் 'பாரத் கனெக்ட்' என்று பெயர் மாற்றப்பட்டது.

ஆரம்பத்தில் மின்சாரம், தொலைபேசி, டிடிஎச், காஸ், தண்ணீர் என ஐந்து வகை பில்களுக்கு மட்டும்தான் இது இருந்தது. 2019-ல் மாதாமாதம் அல்லது குறிப்பிட்ட இடைவெளியில் வரும் எல்லா பில்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2021-ல் ப்ரீபெய்ட் ரீசார்ஜும் சேர்ந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள அப்பா அம்மாவுக்காக பில் கட்டவும் இதைப் பயன்படுத்தலாம் என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவித்தது.

இந்த அமைப்பால் என்ன லாபம்? ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் தனி அடையாள எண் கிடைக்கும். பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அதை வைத்துத் தேடலாம். எந்த ஆப்பில் கட்டினாலும் புகார் ஒரே மத்திய அமைப்புக்குள் போகும். 2024 பிப்ரவரி 29 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய விதிமுறைகளிலும், புகார்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண்காணிக்கும் மத்திய ஏற்பாடு இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது.

காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் அது நடைமுறைக்கு வந்தபோது மக்கள் பட்ட பாடு வேறு.

2024 ஜூலை 1: ஒரே நாளில் மூடிய கதவு

2024 ஜூலை 1 அன்று தெலங்கானாவின் தென்பகுதி மாவட்டங்களுக்கு மின்சாரம் வழங்கும் அரசு நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி போன்பே, கூகுள் பே போன்ற ஆப்களில் கரன்ட் பில் கட்ட முடியாது, நிறுவனத்தின் சொந்த இணையதளம் அல்லது ஆப்பில்தான் கட்ட வேண்டும் என்றது. ஆந்திராவிலும் இதே நிலைதான்.

காரணம், பில் பேமென்ட்கள் எல்லாம் பிபிபிஎஸ் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அந்த மின் நிறுவனங்கள் அப்போது அந்த அமைப்பில் இணைந்திருக்கவில்லை. பல வருடமாக ஒரே ஆப்பில் கட்டிப் பழகியவர்கள், மாத ஆரம்பத்தில் புது ஆப்பை டவுன்லோடு செய்து, புதிதாகப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. சில வாரங்களில் அந்த நிறுவனங்கள் இணைந்து, பழைய ஆப்களில் மீண்டும் பில் கட்டும் வசதி வந்தது.

கிரெடிட் கார்டிலும் இதே நேரத்தில் இதே சிக்கல். கார்டு பில்களை பிபிபிஎஸ் வழியாகவே செலுத்த வேண்டும் என்பதற்கு 2024 ஜூன் 30 கெடு. எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ, ஆக்சிஸ் போன்ற பெரிய வங்கிகள் ஜூன் கடைசி வரை அதில் இணையவில்லை. இந்த வங்கிகளின் கார்டு வைத்திருந்தவர்கள், வழக்கமான ஆப்பில் பில் கட்ட முடியுமா முடியாதா என்று தெரியாமல் தவித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விதி பாதுகாப்புக்காக வந்தது. இணைய வேண்டியவை வங்கிகளும் மின் நிறுவனங்களும். ஆனால் அவை தாமதித்தபோது அலைந்தது பில் கட்டுபவர்தான். கடைசித் தேதி மட்டும் யாருக்காகவும் தள்ளிப்போவதில்லை.

பணம் மாட்டிக்கொண்டால் எத்தனை நாளில் திரும்பும்?

இதற்கு ஒரு தெளிவான விதி இருக்கிறது. பலருக்குத் தெரியாத விதி.

2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தோல்வியடைந்த பரிவர்த்தனைகளில் பணம் எத்தனை நாளுக்குள் திரும்ப வர வேண்டும், தாமதமானால் எவ்வளவு இழப்பீடு தர வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அதன்படி யுபிஐயில்:

- ஒருவருக்குப் பணம் அனுப்பி, உங்கள் கணக்கில் குறைந்து, அவர் கணக்கில் ஏறவில்லை என்றால், அடுத்த நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும்.

- கடை அல்லது நிறுவனத்துக்குப் பணம் செலுத்தி, உங்கள் கணக்கில் குறைந்து, அந்தப் பக்கம் உறுதியாகவில்லை என்றால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும்.

- அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு.

இன்னொரு முக்கியமான வரியும் அதில் உண்டு. இந்த இழப்பீட்டுக்கு வாடிக்கையாளர் புகார் கொடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. தானாகவே கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

அப்போ பிரச்னை தீர்ந்துடுச்சா?

தீரவில்லை. இங்கேதான் ஓட்டை இருக்கிறது.

அந்தச் சுற்றறிக்கையில் ஏடிஎம், கார்டு, ஐஎம்பிஎஸ், யுபிஐ, ஆதார் வழிப் பரிவர்த்தனை, நாச், வாலட் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நாள் கணக்கு இருக்கிறது. பில் பேமென்ட் அமைப்புக்கு என்று தனி வரிசை இல்லை. யுபிஐ கட்டத்திலேயே பணம் சிக்கினால் 5 நாள் விதியைக் காட்டிக் கேட்கலாம். ஆனால் யுபிஐ வேலை சரியாக முடிந்து, ஆப் பக்க நிறுவனத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்து, வாரியத்தின் சர்வரில் மட்டும் பதிவாகவில்லை என்றால்? வங்கியின் பார்வையில் அது தோல்வியடைந்த பரிவர்த்தனையே இல்லை. வெற்றி பெற்ற பரிவர்த்தனை. "எங்ககிட்டருந்து பணம் போயிடுச்சு" என்று வங்கி சொல்வது அதனால்தான்.

இரண்டாவது, அந்த 100 ரூபாய் எதற்கு? பணம் தாமதமாகத் திரும்புவதற்கு. பில் தாமதமானதால் வரும் அபராதத்துக்கோ, துண்டித்த இணைப்பை மறுபடி கொடுக்க வாங்கும் கட்டணத்துக்கோ அல்ல.

மூன்றாவது, புகார் சொல்லும் இடங்களே இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. வங்கியும் ஆப்பும் ரிசர்வ் வங்கியின் கீழ் வரும். மின்வாரியம் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் வரும். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் மின்வாரியத்தின் மீது புகார் கொடுக்க முடியாது. மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் ஆப்பின் மீது புகார் கொடுக்க முடியாது. ஆனால் பணம் சிக்குவது இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்.

வசதி உள்ளவர்களுக்கு இது எரிச்சல். 1,840 ரூபாய் ஐந்து நாள் முடங்கினால், இன்னொரு 1,840 எடுத்துக் கட்டிவிட்டு, பழைய பணம் வரும்போது வரட்டும் என்று விட்டுவிடலாம். மாதக் கடைசியில் அக்கவுன்டில் அந்த ஒரு தொகை மட்டுமே வைத்திருக்கும் வீட்டில் அப்படிச் செய்ய முடியாது. மறுபடி கட்டக் கையில் காசில்லை. கட்டாவிட்டால் கரன்ட் இல்லை. அவர்கள் பக்கம் தவறே இல்லாதபோதும் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் கடைசித் தேதி எப்படிக் கணக்கு?

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசித் தேதி வேறு. பக்கத்துத் தெருவின் தேதியை நம்பி இருக்கக் கூடாது.

கையில் 20 நாள் இருந்தும் பலர் கடைசி நாள் இரவில்தான் கட்டுகிறார்கள். அன்று சர்வர் தகராறு என்றால் தப்பிக்க வழியில்லை. யுபிஐயும் விழாத அமைப்பு அல்ல. 2025 மார்ச் 26 அன்றும், ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுவதும் யுபிஐ பரிவர்த்தனைகள் பாதிக்கப்பட்டன. அந்த நாள் உங்கள் பில்லின் கடைசி நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தவறான நம்பருக்குக் கட்டிட்டா?

இது இன்னொரு பெரிய தலைவலி. ஆப்பில் மின் இணைப்பு எண்ணைப் போடும்போது முன்னால் மண்டலக் குறியீட்டையும் சேர்க்க வேண்டும். இரண்டு இலக்கம் மாறினால் வேறு ஊர், வேறு வீடு.

எண்ணைப் போட்டதும் திரையில் ஒரு பெயர் வரும். அதைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. இணைப்பு ஓனர் பெயரில் இருக்கும். சில வீடுகளில் ஓனரின் அப்பா பெயரிலோ, வீட்டை விற்றுப்போன பழைய ஓனர் பெயரிலோ இருக்கும். "யாரோ பேர் வருதே, சரி கட்டுவோம்" என்று கட்டிவிடுகிறார்கள். வீடு குடிபோகும்போதே வெள்ளை அட்டையைப் பார்த்து, இணைப்பு எண்ணையும் அதில் உள்ள பெயரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தவர் பில்லைக் கட்டிவிட்டால் அது 'தோல்வி' கணக்கில் வராது. பேமென்ட் சரியாகத்தான் நடந்திருக்கிறது. அதனால் பணம் தானாகத் திரும்பாது. ரசீதோடு மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரே இணைப்புக்கு இரண்டு முறை கட்டிவிட்டால் அவ்வளவு கவலை வேண்டாம். கூடுதல் தொகை பொதுவாக முன்பணமாக நின்று அடுத்த பில்லில் கழியும்.

'ஆட்டோ பே' போட்டுவிட்டால் நிம்மதியா?

பாதி நிம்மதி. ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் விதி. 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமல் தானாகப் போகலாம். காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு 2023 டிசம்பரில் இந்த வரம்பு 1 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆட்டோ பே பதியும்போது நீங்கள் வைக்கும் அதிகபட்சத் தொகை. ஜனவரியில் 900 ரூபாய் வந்த வீட்டில், ஏசி ஓடும் மே மாதத்தில் 3,000 தாண்டலாம். நீங்கள் 2,000 என்று வரம்பு வைத்திருந்தால் பணம் போகாது. "அதுதான் தானா போயிடுமே" என்று நீங்கள் இருந்துவிடுவீர்கள்.

இரண்டு, ஆப்பை போனிலிருந்து நீக்கிவிட்டால் ஆட்டோ பே ரத்தாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ரத்தாகாது. ஆப்பில் அல்லது வங்கியில் போய் அந்த அனுமதியைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். வீடு மாறுபவர்கள் இதை மறந்து, பழைய வீட்டில் குடிவந்தவரின் கரன்ட் பில்லையும் சேர்த்துக் கட்ட நேரிடும்.

கிரெடிட் கார்டு பில் என்றால்?

இதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. ஆப்பில் கட்டிய பணம் ஒருநாள், இருநாள் தாமதமாக ஏறியதற்குத் தாமதக் கட்டணம் போட்டிருந்தால் வங்கியிடம் கேட்டுத் திரும்பப் பெறலாம். கரன்ட் பில்லுக்கும் இதுபோல சில நாள் அவகாசம் இருந்தால், ஆப்பில் சிக்கும் பாதிப் பிரச்னை தானாகவே அடங்கிவிடும்.

கடைசித் திரையில் கூடும் ஐந்து, பத்து ரூபாய்

பில் 1,840. கட்டப்போகும்போது 1,845. 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். சில இடங்களில் காப்பீடோ நன்கொடையோ முன்பே டிக் செய்யப்பட்டிருக்கும். விலையைக் கடைசியில் ஏற்றுவதும், கேட்காததைக் கூடையில் சேர்ப்பதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் அடங்கும். பணம் கட்டும் முன் மொத்தத் தொகையை ஒருமுறை பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து: கஸ்டமர் கேர் நம்பர் தேடுவது

பணம் சிக்கிய பதற்றத்தில் பலர் முதலில் செய்வது, இணையத்தில் அந்த ஆப்பின் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடுவது. மோசடிக்காரர்கள் காத்திருப்பது அங்கேதான். போலி எண்ணில் பேசுபவர் மிகப் பணிவாகப் பேசுவார். "உங்க பணத்தை ரீஃபண்ட் பண்றேன், இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க, யுபிஐ பின் போடுங்க" என்பார். போட்டால் மிச்சமிருக்கும் பணமும் போய்விடும்.

"பில் கட்டாததால் இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணில் அழையுங்கள்" என்று வரும் எஸ்எம்எஸ்களும் இதே வகை மோசடிதான். பணம் உங்களுக்கு வருவதற்கு யுபிஐ பின் போட வேண்டிய தேவையே இல்லை. பின் என்றாலே பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

சிக்கினால் என்ன செய்யணும்? வரிசையாக...

1. திரையை மூடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், யுபிஐ பரிவர்த்தனை எண், பாரத் கனெக்ட் அடையாள எண் நான்கும் அதில் இருக்க வேண்டும். குறித்த நாளில் கட்டினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

2. ஆப்பை நம்பாமல், மின்வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டு பில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் ஆப் என்ன சொன்னாலும் கவலை இல்லை.

3. ஏறவில்லை, ஆனால் கடைசித் தேதிக்கு நாள் இருக்கிறது என்றால் மறுபடி கட்ட வேண்டாம். காத்திருங்கள்.

4. ஏறவில்லை, அன்றே கடைசி நாள், கையில் பணமும் இருக்கிறது என்றால் வாரியத்தின் இணையதளத்திலோ கவுன்டரிலோ கட்டிவிடுவது பாதுகாப்பு. பணம் இல்லை என்றால், ஸ்கிரீன்ஷாட்டோடு பிரிவு அலுவலகத்துக்குப் போய் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம்.

5. ஆப்புக்குள்ளேயே, குறிப்பிட்ட அந்தப் பேமென்ட்டைத் திறந்து புகார் பதியுங்கள். புகார் எண் வாங்காமல் விடாதீர்கள்.

6. உங்கள் வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். 5 நாள் தாண்டியிருந்தால், 2019 சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேளுங்கள்.

7. 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம். விவரம் கேட்க 14448. வங்கி மட்டுமல்ல, பேமென்ட் சேவை தரும் நிறுவனங்களும் இந்தத் திட்டத்துக்குள் வரும். பணம் தாமதமானதால் உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தையும் புகாரில் சேர்த்து எழுதுங்கள். நஷ்டத்துக்கு இழப்பீடு தரச் சொல்ல குறைதீர்ப்பாளருக்கு அதிகாரம் உண்டு.

மாற வேண்டியது என்ன?

ஆப்பில் பில் கட்டுவதை விட்டுவிட்டு மறுபடி கவுன்டர் வரிசையில் நிற்பது தீர்வு அல்ல. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டே ஊரில் உள்ள அம்மா வீட்டு பில்லைக் கட்டும் பிள்ளைகளுக்கும், வேலைக்குப் போகும் பெண்களுக்கும், நடக்க முடியாத முதியவர்களுக்கும் இந்த வசதி பெரிய உதவி.

கேட்க வேண்டியது ஒன்றுதான். பில் கட்டுபவர் கடைசித் தேதிக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டார் என்பதற்கு ரசீது இருக்கிறது. அதன் பிறகு அது எந்த சர்வரில் நின்றாலும், அபராதமும் மின்துண்டிப்பும் அவர் தலையில் விழக் கூடாது. பாரத் கனெக்ட் ரசீது இருந்தால் பணம் ஏறும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்ற ஒரு வரி விதி போதும். அதற்கு ரிசர்வ் வங்கியும் மின்சார ஒழுங்குமுறை ஆணையங்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

அதுவரை, கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னாடியே கட்டிடுங்க. கட்டிய மறுநாள் வாரியத்தின் இணையதளத்தில் ஏறிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துடுங்க.